கிளாட் தேர்வுக்கு முதன்முதலாகத் தயாராகிறவர்களுக்கு: அடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

பிளஸ் ஒன் படிக்கும் மாணவர்கள் சட்டப் படிப்பைப் பற்றிப் பேச வந்தால், பெரும்பாலும் முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருக்கும்: "எந்தச் சட்டப் புத்தகம் வாங்கணும்?" இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடிவிடும். ஆனால் அதுதான் உண்மை. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு உங்களுக்குச் சட்டம் தெரியுமா என்று பார்ப்பதில்லை. முன்பின் தெரியாத ஒரு விஷயத்தை ஆங்கிலத்தில் கொடுத்தால், அதை வேகமாகவும் சரியாகவும் படித்துப் புரிந்துகொள்ள முடியுமா என்றுதான் பார்க்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் வீணாகப் போகும் நான்கைந்து மாதங்கள் மிச்சமாகும்.

தமிழ் வழியில் படித்தவர்களையும், ஆங்கில வழியில் படித்தும் ஆங்கிலம் படிக்கத் தயங்குகிறவர்களையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். இந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் தேர்வு மாறும்வரை காத்திருக்க உங்களுக்கு நேரமில்லை. ஒரு வருடம் ஒழுங்காக உழைத்தால் தாண்டிவிடக்கூடிய தடைதான் இது.

படி 1: எந்தத் தேர்வு, எந்தக் கதவு

கிளாட் 2008-இல் தொடங்கியது. இப்போது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இதை நடத்துகிறது. பெங்களூரில் உள்ள நேஷனல் லா ஸ்கூலில் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இந்த மதிப்பெண்ணை வைத்து ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு ஆள் எடுக்கின்றன. திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் அதில் உண்டு. அங்கே தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்று தனி இடங்கள் இருக்கின்றன. அகில இந்தியத் தரவரிசையை மட்டும் பார்த்துப் பயந்து ஒதுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

டெல்லியில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மட்டும் கிளாட்டில் சேராமல் ஐலெட் என்று தனித் தேர்வு நடத்துகிறது. 150 கேள்விகள், 120 நிமிடம். அதில் தர்க்கப் பகுதிக்கே 70 கேள்விகள். கிளாட்டுக்குத் தயாராகிறவர் கொஞ்சம் கூடுதல் தர்க்கப் பயிற்சி எடுத்தால் இதையும் எழுதலாம்.

இன்னொரு கதவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும், மாநிலத்தின் அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. வக்கீல் ஆவதற்கு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றே வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிளாட் ஒரு நல்ல வாய்ப்பு, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு படிக்க உட்கார்ந்தால் பதற்றம் பாதியாகக் குறையும். அதே காரணத்தால் பிளஸ் டூ பாடங்களையும் கைவிடக் கூடாது.

தகுதி எளிது. எந்தக் குரூப் எடுத்துப் படித்திருந்தாலும் சரி. பிளஸ் டூவில் குறைந்தது 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம். பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கும்போதே எழுதலாம். உச்ச வயது வரம்பு இல்லை.

படி 2: படிக்கத் தொடங்கும் முன் ஒரு தேர்வு எழுதுங்கள்

கூட்டமைப்பின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2024-ஆம் ஆண்டுக்கான கிளாட்டிலிருந்து வடிவம் இதுதான்: 120 கேள்வி, 120 நிமிடம். சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 கழிவு. ஆங்கிலத்தில் 22 முதல் 26 கேள்விகள், நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும் 28 முதல் 32, சட்டத் தர்க்கம் 28 முதல் 32, தர்க்கம் 22 முதல் 26, கணிதம் 10 முதல் 14. 2020 முதல் 2023 வரை இதே பாணிதான், ஆனால் 150 கேள்விகள். 2019-உம் அதற்கு முந்தியதும் வேறு மாதிரித் தேர்வுகள். ஒரு வரிக் கேள்வி, மனப்பாடப் பொது அறிவு என்று போகும். பழைய புத்தகக் கடையில் அந்தக் காலத்துக் கைடு கிடைத்தால் ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

ஒரு தாளை அச்செடுத்து, கடிகாரம் வைத்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். 30 மதிப்பெண் வரலாம், 20 வரலாம். பாதிப் பத்திகளைத் தொடாமலே நேரம் முடிந்துவிடலாம். பரவாயில்லை. தாளை மூடிவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு பத்தி சுமார் 450 சொல் வரை வரும். தாளில் இருபதுக்கும் மேற்பட்ட பத்திகள். ஆக, ஏறக்குறைய பத்தாயிரம் சொல். நிமிடத்துக்கு 200 சொல் வேகத்தில் படித்தாலும் பத்திகளைப் படித்து முடிக்கவே 50 நிமிடம் போய்விடும். கேள்விகளைப் படித்து, யோசித்து, கட்டத்தை நிரப்ப மீதி 70 நிமிடம். நிமிடத்துக்கு 100 சொல் படிக்கிறவருக்கு என்ன மிஞ்சும்? இருபது நிமிடம். சட்டப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

படி 3: ஆங்கில வாசிப்பு, இதுதான் முதல் மூன்று மாத வேலை

தினமும் ஒரு தலையங்கம் அல்லது கருத்துக் கட்டுரை. தி இந்து, இந்தியன் எக்ஸ்பிரஸ் எதுவானாலும் சரி. இந்த ஆலோசனையை எல்லோரும் சொல்வார்கள். எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் மாணவர்கள் கையில் அகராதியோடு உட்கார்ந்து, தெரியாத நாற்பது சொல்லையும் எழுதி, இரண்டாம் பத்தி வருவதற்குள் களைத்து, ஒரே வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

தமிழில் வாக்கியம் எப்படிப் போகும்? நிபந்தனை, காரணம், விவரம் எல்லாம் முதலில் வரும். முடிவு கடைசியில் வினைச்சொல்லில் வந்து நிற்கும். "மனுதாரர் உரிய காலத்தில் மேல்முறையீடு செய்யாததால், தாமதத்துக்குப் போதுமான காரணம் காட்டாதவரை, இந்த மனுவை ஏற்க முடியாது." கடைசிச் சொல்வரை காத்திருந்து கேட்கும் பழக்கம் நமக்கு. ஆங்கிலம் இதைத் தலைகீழாக வைக்கும். 'இந்த மனுவை ஏற்க முடியாது' என்பது முதலிலேயே வந்துவிடும். 'அன்லெஸ்' என்று ஒரு சொல் விழும், அதற்குப் பின்னால் வால்போல நிபந்தனைகள் தொங்கும். தமிழ் காதோடு படிக்கிறவர் முதலில் வந்த முக்கியச் செய்தியைத் தவறவிட்டு, கடைசியில் வந்த விவரத்தை முடிவாக எடுத்துக்கொள்கிறார். கேள்வியில் தப்புப் போவது இங்கேதான். பல மாணவர்களோடு பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் படிப்பதைக் கவனித்த பிறகுதான் இது எனக்கே புரிந்தது.

அதனால் முதல் இரண்டு வாரம் இப்படிச் செய்யுங்கள். நீளமான ஒவ்வொரு வாக்கியத்திலும் யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். அப்புறம் 'அன்லெஸ்', 'ப்ரொவைடட் தட்', 'ஆல்தோ', 'ஹவெவர்', 'நாட்வித்ஸ்டாண்டிங்' மாதிரித் திருப்பம் தரும் சொற்களை வட்டமிடுங்கள். இந்த வகைச் சொற்கள் மொத்தம் முப்பது இருக்கலாம். ஐநூறு கடினச் சொல்லை மனப்பாடம் செய்வதைவிட இந்த முப்பதையும் கண் பார்த்தவுடன் பிடிக்கக் கற்றுக்கொள்வது அதிக மதிப்பெண் தரும்.

கட்டுரை முடிந்ததும் மூடிவைத்துவிட்டு, ஒரு நோட்டில் மூன்று வரி தமிழில் எழுதுங்கள். எழுதியவர் என்ன சொல்கிறார்? அதற்கு என்ன காரணம் காட்டுகிறார்? யாருடைய கருத்தை மறுக்கிறார்? தமிழிலேயே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. புரிந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் இது. மூன்றாவது கேள்விக்குத்தான் பலர் திணறுவார்கள். இரண்டாம் மாதம் அந்த மூன்று வரியை ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூன்றாம் மாதம் கடிகாரம் வைத்துப் படியுங்கள். வேகம் தானாக வரத் தொடங்கியிருக்கும்.

இன்னும் ஒரு வழி உண்டு, தமிழ் தெரிந்தவர்களுக்கென்றே இருக்கிற வசதி அது. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்த்து இணையதளத்தில் போடுகிறது. அரசமைப்புச் சட்டத்துக்கும் தமிழ்ப் பதிப்பு உண்டு. அதில் சமத்துவம் பற்றிய 14-ஆவது உறுப்பு, பேச்சுரிமை முதலான சுதந்திரங்கள் பற்றிய 19, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான 21, இந்த மூன்றையும் முதலில் தமிழிலும் அப்புறம் ஆங்கிலத்திலும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சட்ட ஆங்கிலத்தின் நடை பிடிபட இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

சொல் சேகரிப்பில் ஒரு எச்சரிக்கை. அன்றாட ஆங்கிலத்தில் ஒரு பொருளும் சட்டத்தில் வேறு பொருளும் உள்ள சொற்களைத் தனியாகக் குறியுங்கள். 'கன்சிடரேஷன்' என்றால் சாதாரணமாகப் பரிசீலனை. ஒப்பந்தச் சட்டத்தில் அது மறுபயன், அதாவது ஒருவர் கொடுப்பதற்கு ஈடாக மற்றவர் தருவது. 'ரிலீஃப்' என்றால் நிம்மதி இல்லை, நீதிமன்றத்திடம் கேட்கும் பரிகாரம். 'ஆக்‌ஷன்' என்றால் வழக்கு. நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதற்கென்று இடம் ஒதுக்குங்கள். பாடப்புத்தகத்தைவிட அது அதிகம் உதவும்.

படி 4: சட்டத் தர்க்கம், கொடுத்ததை மட்டும் நம்புங்கள்

மூன்றாவது மாதத்திலிருந்து இதைத் தொடங்கலாம். பத்தியில் ஒரு சட்டக் கோட்பாடு இருக்கும். கேள்வியில் ஒரு சம்பவம் இருக்கும். கோட்பாட்டைச் சம்பவத்தின் மேல் வைத்து என்ன விளைவு என்று சொல்ல வேண்டும். உங்கள் நியாய உணர்ச்சிக்கோ, செய்தித்தாளில் படித்ததற்கோ இங்கே வேலை இல்லை.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். பத்தி இப்படிச் சொல்கிறது: "ஒருவர் தன் நிலத்தில் ஆபத்தான பொருளைச் சேர்த்து வைத்து, அது அந்த நிலத்திலிருந்து வெளியேறி மற்றவருக்குச் சேதம் விளைவித்தால், அவர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் பொறுப்பாளி." சம்பவம்: ஒரு ரசாயன ஆலைக்குள் சரக்கு இறக்க ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். ஆலையின் தொட்டி ஒன்று வெடித்து, அங்கேயே அவருக்குக் காயம். ஆலை பொறுப்பா?

பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் "பொறுப்புதான், ஆபத்தான பொருள், ஏழை ஓட்டுநர்" என்பார்கள். மறுபடி கோட்பாட்டைப் படியுங்கள். "அந்த நிலத்திலிருந்து வெளியேறி" என்று இருக்கிறது. காயம் ஆலைக்கு உள்ளேயே நடந்தது, எதுவும் வெளியேறவில்லை. ஆகவே இந்தக் கோட்பாட்டின்படி ஆலை பொறுப்பில்லை. மனதுக்குக் கசந்தாலும் அதுதான் விடை.

இதன் பின்னணி இங்கிலாந்தில் 1868-இல் முடிந்த ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கு. ஒருவர் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் பாய்ந்து பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் புகுந்தது. 1985-இல் டெல்லியில் ஓலியம் வாயு கசிந்ததை ஒட்டிய எம்.சி. மேத்தா வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அபாயகரமான தொழில் நடத்துகிற நிறுவனம், விபத்தில் யார் பாதிக்கப்பட்டாலும் முழுப் பொறுப்பு ஏற்க வேண்டும், பழைய விதிவிலக்குகள் எதுவும் செல்லாது என்றது. இப்போது அதே லாரி ஓட்டுநர் கேள்வியைப் பத்தியில் இந்தக் கோட்பாட்டை வைத்துக் கேட்டால் விடை மாறிவிடும்: ஆலை பொறுப்பு. சம்பவம் அதேதான், பத்தி மட்டும்தான் மாறியிருக்கிறது. மேத்தா வழக்கை ஏற்கெனவே மனப்பாடம் செய்த மாணவர் முதல் கேள்வியில் தவறு செய்வார். எதுவுமே தெரியாமல் பத்தியைக் கவனமாகப் படித்தவர் இரண்டிலும் சரியாகப் போடுவார்.

அப்படியானால் சட்டமே படிக்க வேண்டாமா? அடிப்படைச் சொற்கள் தெரிந்திருந்தால் பத்தி அந்நியமாகத் தோன்றாது. ஒப்பந்தம், தீங்கியல் (ஒருவர் மற்றவருக்குச் செய்யும் தீங்குக்கு இழப்பீடு கேட்கும் சட்டம்), குற்றச் சட்டம், அரசமைப்பு, இந்த நான்கிலும் பொதுவான எண்ணங்கள் போதும். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் ஏன் செல்லாது, வேலைக்காரர் செய்த தவறுக்கு முதலாளி எப்போது பொறுப்பு, அடிப்படை உரிமைக்கு அரசு எந்த அளவு கட்டுப்பாடு போடலாம் என்கிற அளவில். ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்த பெண் ஒருத்தி, அவர்கள் கொடுத்த ஆயிரம் பக்கச் சட்டக் குறிப்பை நான்கு மாதம் மனப்பாடம் செய்துவிட்டு வந்தாள். மாதிரித் தேர்வில் சட்டப் பகுதியில்தான் அவளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண். குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் "பத்தியின் எந்த வரி இந்த விடையைச் சொல்கிறது?" என்று விரலை வைத்துக் காட்டும் பழக்கத்தைத் தொடங்கினோம். ஆறு வாரத்தில் நிலைமை மாறியது. விரல் வைக்க வரி இல்லையென்றால் அது உங்கள் கற்பனை. இந்த ஒரு சோதனையை விடாமல் செய்யுங்கள்.

பத்தியில் 'மே' என்றால் செய்யலாம், 'ஷல்' என்றால் செய்தே ஆக வேண்டும். 'அண்ட்' வந்தால் இரண்டு நிபந்தனையும் நிறைவேற வேண்டும், 'ஆர்' வந்தால் ஒன்று போதும். நேரமில்லை என்று இந்தச் சின்னச் சொற்களைத் தாண்டி ஓடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

படி 5: தர்க்கம்

இங்கே வருவதெல்லாம் ஒருவர் வைக்கும் வாதம். முடிவு எது, ஆதாரம் எது, சொல்லாமல் விட்ட ஊகம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். "ஹெல்மெட் கட்டாயமான பிறகு நகரில் தலைக்காயங்கள் குறைந்தன, ஆகவே சட்டம் பலன் தந்தது" என்று ஒரு வாதம். இதில் ஒளிந்திருக்கும் ஊகம், அந்தக் காலத்தில் வேறெதுவும் மாறவில்லை என்பது. சரிதானா என்று பார்க்க ஊகத்தைப் புரட்டிப் போடுங்கள்: அதே மாதங்களில் முக்கியச் சாலைகள் மூடப்பட்டு பைக் போக்குவரத்தே பாதியாகியிருந்தால்? வாதம் விழுந்துவிடுகிறது. அப்படி விழுந்தால் நீங்கள் பிடித்த ஊகம் சரி. வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது என்ற கேள்விக்கு விடையும் இதிலேயே கிடைத்துவிட்டது. தலையங்கம் படித்து மூன்று வரி எழுதும் பழக்கம் இருப்பவருக்கு இந்தப் பகுதிக்காகத் தனியாக நிறைய உழைக்கத் தேவைப்படாது.

படி 6: நடப்பு நிகழ்வுகள்

இங்கேயும் ஒரு பத்தி இருக்கும். ஆனால் விடை பெரும்பாலும் அதற்குள் இருக்காது. பத்தி நினைவூட்டத்தான். தெரிந்தால் பத்து வினாடியில் போடலாம், தெரியாவிட்டால் பத்து முறை படித்தாலும் வராது. நேரத்தை மிச்சப்படுத்தித் தரும் பகுதி என்பதால் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

தேதி தேதியாகக் குறிப்பெடுப்பதில் பலன் குறைவு. ஒரு விஷயம், ஒரு பக்கம் என்று எழுதுங்கள். உதாரணத்துக்கு, புதிய குற்றவியல் சட்டங்கள். மூன்று சட்டங்களும் 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறின, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்‌ஷிய அதினியம். கொலைக்கான தண்டனை 302-ஆம் பிரிவிலிருந்து 103-க்கு மாறியது, மோசடிக்கான 420-ஆம் பிரிவு இப்போது 318. சிறு குற்றங்களுக்குச் சமூக சேவை ஒரு தண்டனையாகச் சேர்ந்தது. பக்கத்தின் கீழே, இதை எதிர்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று இரண்டு வரி. இப்படி வாரத்துக்கு மூன்று பக்கம் எழுதினால் வருடத்துக்கு 150 பக்கம் தாண்டும். தேர்வுக்கு முந்திய பன்னிரண்டு மாதச் செய்திகளுக்கு அது போதும்.

படி 7: கணிதம்

பத்தாம் வகுப்புக் கணக்குதான்: சதவீதம், விகிதம், சராசரி, லாப நஷ்டம். அறிவியல் குரூப் எடுக்காதவர்கள் இதற்குப் பயந்து முழுப் பகுதியையும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. "ஒரு கல்லூரியில் 1,200 பேர், 40 சதவீதம் பெண்கள், பெண்களில் 25 சதவீதம் விடுதியில், விடுதியில் மொத்தம் 300 பேர். ஆண்களில் எத்தனை சதவீதம் விடுதியில்?" பெண்கள் 480, விடுதியில் 120. மீதி 180 ஆண்கள், மொத்த ஆண்கள் 720, ஆக 25 சதவீதம். முதலில் ஒரு சிறு அட்டவணை போட்டுக்கொண்டால் அதே விவரத்தை ஒட்டி வரும் எல்லாக் கேள்விக்கும் அது உதவும். தினம் இருபது நிமிடம் போதும்.

படி 8: மாதிரித் தேர்வும் தப்பு நோட்டும்

ஜூலை வாக்கில் வாரம் ஒரு மாதிரித் தேர்வு, அக்டோபரிலிருந்து வாரம் இரண்டு. கிளாட் சமீப ஆண்டுகளில் டிசம்பர் முதல் ஞாயிறு மதியம் 2 மணி முதல் 4 மணி வரை நடக்கிறது. நீங்களும் மதியம் 2 மணிக்கே எழுதுங்கள். சாப்பிட்ட களைப்பில் கண் சொருகும் நேரம் அது. அந்த நேரத்தில் படிக்க உடம்பைப் பழக்க வேண்டும். மொபைல் திரையில் வேண்டாம், காகிதத்தில் எழுதுங்கள். தேர்வும் காகிதத்தில்தான்.

பயிற்சி மையம் தேவையா என்று கேட்கிறார்கள். நல்ல மாதிரித் தேர்வுத் தொகுப்பு ஒன்று தேவை, அதற்குப் பணம் கொடுக்கலாம். வகுப்பு கட்டாயமில்லை. வசதியில்லாத மாணவர்களுக்குச் சட்டப் பள்ளி நுழைவுக்கு இலவசமாக உதவ ஐடியா என்ற அமைப்பு இருக்கிறது. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-இல் தொடங்கியது. கஷ்டப்படும் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே விசாரித்துப் பார்க்க வேண்டும்.

தேர்வு எழுத இரண்டு மணி நேரம் என்றால், அதைப் பிரித்துப் பார்க்க மூன்று மணி நேரம் கொடுங்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுத வேண்டும். "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது, அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. "கேள்வியில் 'நாட்' இருந்ததைப் பார்க்கவில்லை", "பத்தியில் இல்லாததை நானே சேர்த்தேன்", "இரண்டு ஆப்ஷனில் தடுமாறி முதலில் நினைத்ததை மாற்றினேன்", "நேரமில்லாமல் குத்துமதிப்பாகப் போட்டேன்" என்று எழுதுங்கள். ஐந்து தேர்வு முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். உங்கள் தப்புகளில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று காரணங்களுக்குள் அடங்கியிருக்கும். அந்தக் காரணங்களைச் சரிசெய்வதுதான் அடுத்த மாத வேலை.

நெகட்டிவ் மார்க்கைப் பற்றி ஒரு கணக்கு. நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் சராசரியாக ஒரு கேள்விக்குக் கிடைப்பது 0.06 மதிப்பெண், ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒரு ஆப்ஷனை உறுதியாக நீக்க முடிந்தால் 0.17. இரண்டை நீக்கினால் 0.375. ஆகவே இரண்டை நீக்க முடிந்த கேள்வியை விடாதீர்கள், எதுவுமே புரியாத கேள்வியில் நேரத்தைப் போடாதீர்கள்.

நேரப் பங்கீடு ஆளுக்கு ஆள் மாறும். தொடங்குவதற்கு இதை வைத்துப் பாருங்கள்: நடப்பு நிகழ்வுகள் 12 நிமிடம், சட்டத் தர்க்கம் 35, ஆங்கிலம் 25, தர்க்கம் 28, கணிதம் 14. மீதி 6 நிமிடம் ஓஎம்ஆர் தாளை, அதாவது விடைகளை நிரப்பும் தாளை, சரிபார்க்க. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் அந்த விடைகளை உடனே ஓஎம்ஆரில் நிரப்புங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்திருந்து, ஒரு எண் தள்ளிப்போய் இருபது விடை தப்பானவர்கள் உண்டு. பேனாவால் நிரப்பியதை அழிக்கவும் முடியாது.

படி 9: பிளஸ் டூவோடு மோதாமல்

டிசம்பரில்தான் அரையாண்டுத் தேர்வும் வரும். பள்ளியில் கேட்டால் "முதலில் போர்டு எக்ஸாம்" என்பார்கள், அவர்கள் சொல்வதும் தப்பில்லை. என் யோசனை, பிளஸ் ஒன் முடியும் ஏப்ரலில் தொடங்குவது. பள்ளி நாட்களில் இரண்டு மணி நேரம், ஞாயிறு நான்கு மணி நேரம். கிளாட் முடிந்த பிறகு பொதுத் தேர்வுக்கு இரண்டரை மாதம் முழுதாக இருக்கும். ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் வாசிப்பையும் சட்டத் தர்க்கத்தையும் ஒன்றாகத் தொடங்குங்கள், நடப்பு நிகழ்வுகளுக்கு மாதத் தொகுப்பு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 10: விண்ணப்பம் முதல் கவுன்சலிங் வரை

விண்ணப்பம் ஜூலை அல்லது ஆகஸ்டில் திறக்கும். கட்டணம் கடந்த சில ஆண்டுகளாகப் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் 3,500. சாதிச் சான்றிதழ் எந்த வடிவத்தில் கேட்கிறார்கள் என்று முதலிலேயே பாருங்கள். நம் மாநிலச் சான்றிதழ் வேறு, மத்திய அரசு வடிவத்திலான ஓபிசி சான்றிதழ் வேறு. தாலுகா அலுவலகத்தில் கடைசி வாரத்தில் அலைய வேண்டாம்.

தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பு வரும். தவறு என்று தோன்றினால் கட்டணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். 2025-ஆம் ஆண்டுக்கான கிளாட் விடைக்குறிப்பு பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் மதிப்பெண்கள் மாறின. ஆகவே உங்கள் வினாத்தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கவுன்சலிங்கில் பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். 'நமக்குக் கிடைக்காது' என்று நினைத்து ஆசைப்பட்ட இடத்தைக் கீழே தள்ளிவிடாதீர்கள். மேலிருந்துதான் பார்த்து வருவார்கள், மேலே போடுவதால் எதுவும் குறையாது. ஆனால் கட்டணத்தையும் பார்த்துப் போடுங்கள். ஐந்து வருடத்துக்குப் பல லட்சம் ஆகும், பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வித்தியாசம் பெரிது. வீட்டில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, கல்விக் கடன், உதவித்தொகை எல்லாம் பேசி முடித்துவிட்டு அந்தப் பட்டியலைப் போடுவது நல்லது.

இடம் கிடைத்ததும் திரையில் மூன்று பொத்தான் வரும். 'ஃப்ரீஸ்' என்றால் இதுவே போதும். 'ஃப்ளோட்' என்றால் இதை வைத்துக்கொள்கிறேன், மேலே உள்ளது கிடைத்தால் அதற்குப் போகிறேன். 'எக்ஸிட்' என்றால் கவுன்சலிங்கிலிருந்தே விலகுகிறேன். அவசரத்தில் மாற்றி அழுத்திவிட்டு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, சத்தமாகப் படித்துவிட்டு அழுத்துங்கள். ஃப்ளோட் கொடுத்தால் அந்தச் சுற்றுக்கான பணத்தைக் கெடுவுக்குள் கட்ட வேண்டும், தவறினால் கையில் இருக்கும் இடமும் போய்விடும். அந்தத் தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.